ஒரு கேபிள், ஒரு பிரவுசர், 500 சேனல்: ரேடியோ ஸ்கேனர் பற்றி இதெல்லாம் தெரியுமா?

வானத்தில் விமானி பேசுகிறார். கடலில் மீட்புப் படகு பேசுகிறது. மலைக்காட்டில் தீயணைப்பு வீரர் பேசுகிறார். தண்டவாளத்தின் ஓரத்தில் ஆளே இல்லாத ஒரு பெட்டி ரயிலைப் பற்றிப் பேசுகிறது! இத்தனை பேச்சையும் ஒவ்வொன்றாகத் தாவித் தாவித் தேடி, குரல் கேட்கும் இடத்தில் சட்டென்று நின்று நம் காதுக்குக் கொடுக்கும் கருவிதான் ரேடியோ ஸ்கேனர். அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இது ஒரு பெரிய பொழுதுபோக்கு. ஆபத்து நேரத்தில் உயிர்காக்கும் துணையும்கூட. "எதையெல்லாம் கேட்க வேண்டும்" என்று அந்தக் கருவிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் இத்தனை காலமும் பெரும்பாடாக இருந்தது. இன்றைக்கு அந்த வேலைக்கு ஒரு யூஎஸ்பி கேபிளும் கணினியில் ஏற்கெனவே இருக்கும் பிரவுசரும் போதும். எப்படி? வாருங்கள், ஆச்சரியங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

உள்ளங்கைக்குள் இத்தனை உலகமா?

யூனிடன் நிறுவனத்தின் பிசி125ஏடி என்ற ஸ்கேனரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே இரண்டு டபுள் ஏ பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி. ஆனால் 25 முதல் 54 மெகாஹெர்ட்ஸ், 108 முதல் 174, 225 முதல் 380, 400 முதல் 512 என்று நான்கு பெரிய அதிர்வெண் பரப்புகளை அது கேட்கும். பயணிகள் விமானம், போர் விமானம், கப்பல், ரயில், தீயணைப்பு, ஆர்வலர்களின் ஹாம் ரேடியோ, கார் பந்தயம் எல்லாம் இந்தப் பரப்புகளுக்குள் வந்துவிடுகின்றன! ஒரு தொகுதிக்கு 50 சேனல், மொத்தம் 10 தொகுதி. ஆக 500 சேனல்களை நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஒரு சேனலுக்கு ஒரு கல் வாங்கிய காலம் தெரியுமா?

ஆரம்ப கால ஸ்கேனர்களில் நினைவகம் கிடையாது. ஒவ்வொரு சேனலுக்கும் அந்த அதிர்வெண்ணுக்கென்றே அறுத்துத் தீட்டிய குவார்ட்ஸ் படிகம் ஒன்றைக் கடையில் வாங்கி உள்ளே செருக வேண்டும். எட்டு சேனல் கேட்க எட்டுப் படிகம்! ஊர் மாறினால், தீயணைப்புத் துறை தன் அதிர்வெண்ணை மாற்றினால், மறுபடி கடைக்கு ஓட வேண்டும். குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும், மின்சாரம் கொடுத்தால் அது துல்லியமாக அதிரும். அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் பண்பை 1880இல் பியரி கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டறிந்தார்கள். பின்னாளில் மேரி கியூரியை மணந்த அதே பியரிதான்! அவர்கள் கண்டுபிடித்த பண்பில்தான் ஸ்கேனரின் முதல் தலைமுறையே ஓடியது.

குறியீட்டுப் புத்தகத்தைப் பார்த்து சுவிட்சு தட்டினார்கள்!

1970களின் நடுவில் பேர்கேட் 101 என்ற மாடல் வந்தது. படிகம் வேண்டாம் என்றதும் ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அதிர்வெண்ணை எண்ணாகத் தட்ட வழியில்லை. கூடவே வரும் குறியீட்டுப் புத்தகத்தைப் புரட்டி, வேண்டிய அதிர்வெண்ணுக்கு எந்தச் சுவிட்சு மேலே, எந்தச் சுவிட்சு கீழே என்று பார்த்து, வரிசையாகத் தள்ளிவிட வேண்டும். பூஜ்யமும் ஒன்றும் கொண்டு இயந்திரத்தோடு நேருக்கு நேர் பேசுவது என்றால் இதுதான்! அதே பத்தாண்டிலேயே பேர்கேட் 210 எண் பட்டன்களோடு வந்தது. அதன்பிறகுதான் சாதாரண மனிதர் விரலால் அதிர்வெண்ணைத் தட்டத் தொடங்கினார்.

8,000 எழுத்தை எண் பட்டனில் அடிக்க முடியுமா?

சேனல்கள் பெருகப் பெருக அந்த எண் பட்டன்களே சுமையாகிவிட்டன. பிசி125ஏடி ஒவ்வொரு சேனலுக்கும் 16 எழுத்துப் பெயர் வைக்க இடம் தருகிறது. 500 சேனலுக்கும் முழுப் பெயர் வைத்தால் 8,000 எழுத்து! பழைய பட்டன் செல்போனில் எஸ்எம்எஸ் அடித்தது நினைவிருக்கிறதா? ஒரே பட்டனை மூன்று முறை, நான்கு முறை தட்டினால்தான் ஓர் எழுத்து விழும். அப்படி 8,000 எழுத்து! அதோடு அதிர்வெண், ஒலிபரப்பு முறை, காத்திருக்கும் நேரம் என ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி அமைப்பு வேறு. இதனால்தான் கணினி வழியே நிரப்பும் மென்பொருள்கள் வந்தன. அங்கேயும் ஒரு தடை. நிறுவனம் தரும் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். மேக் வைத்திருப்பவர், லினக்ஸ் வைத்திருப்பவர், பள்ளியில் கொடுத்த குரோம்புக் வைத்திருக்கும் மாணவர், இவர்களெல்லாம் என்ன செய்வது?

பிரவுசருக்கும் கேபிளுக்கும் எப்போது உறவு ஏற்பட்டது?

2021 மார்ச்! அந்த மாதம் வெளியான குரோம் 89 பதிப்பில் வெப் சீரியல் என்ற வசதி எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதுவரை ஓர் இணையப் பக்கத்தால் சீரியல் போர்ட்டில் செருகிய கருவியோடு நேரடியாகப் பேச முடியாது. அந்த வசதி வந்தபின் முடியும். எட்ஜ், ஓபரா ஆகியவையும் குரோமின் அதே அடித்தளத்தில் எழுந்தவை என்பதால் அவற்றுக்கும் இந்தத் திறன் கிடைத்தது. உடனே உலகெங்கும் ஆர்வலர்கள் புகுந்து விளையாடினார்கள். ஆர்டுயினோ பலகை, முப்பரிமாண அச்சு இயந்திரம், வாக்கி டாக்கி, ஸ்கேனர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் இணையப் பக்கத்திலிருந்தே நிரல்படுத்தும் கருவிகளை எழுதிக் குவித்தார்கள். எதையும் நிறுவ வேண்டாம். பக்கத்தைத் திறந்து, கேபிளைச் செருகி, பட்டனை அழுத்தினால் 500 சேனலும் அட்டவணையாகக் கண்முன்னே விரியும்!

எந்தப் பக்கமும் திருட்டுத்தனமாக நுழைந்துவிடாதா?

நல்ல கேள்வி! இதற்குப் போட்டிருக்கும் பூட்டுகளும் வியப்பானவைதான். முதல் பூட்டு, பாதுகாப்பான இணைப்பில் வரும் பக்கத்துக்கு மட்டுமே இந்த வசதி. இரண்டாவது, நீங்கள் ஒரு பட்டனை அழுத்தாமல் பக்கம் தானாக அனுமதி கேட்கவே முடியாது. மூன்றாவது, அழுத்தியபின் கருவிகளின் பட்டியலைக் காட்டுவது பிரவுசர். இணையப் பக்கம் அல்ல. அந்தப் பட்டியலில் நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரு கருவி மட்டும்தான் பக்கத்தின் கண்ணுக்குத் தெரியும். மற்றவை இருப்பதே அதற்குத் தெரியாது! இத்தனை பூட்டுகள் இருந்தும் ஆப்பிள் நிறுவனம் 2020இல் இந்த வசதியையும் இதுபோன்ற வேறு பல வசதிகளையும் தன் சஃபாரி பிரவுசரில் சேர்க்கமாட்டோம் என்று அறிவித்தது. செருகியிருக்கும் கருவிகளை வைத்து ஒருவரை அடையாளம் கண்டு பின்தொடர முடியும் என்பது அதன் கவலை. ஆகவே ஸ்கேனரை நிரல்படுத்தக் குரோம் வகைப் பிரவுசரே பொருத்தம். நம்பகமான பக்கத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். வேலை முடிந்ததும் அனுமதியைத் திரும்பப் பெறலாம்.

ஸ்கேனர் பேசும் மொழியை நீங்களே படிக்கலாம், தெரியுமா?

எனக்கு மிகப் பிடித்த ஆச்சரியம் இதுதான்! கணினியும் ஸ்கேனரும் என்னவோ ரகசியக் குறியீட்டில் பேசிக்கொள்ளும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படி இல்லவே இல்லை. அவை பேசுவது சாதாரண எழுத்துகளில், நடுநடுவே காற்புள்ளி போட்டு!

முதலில் பிரவுசர் "எம்டிஎல்" என்று மூன்று எழுத்து அனுப்பும். "நீ எந்த மாடல்?" என்று அர்த்தம். ஸ்கேனர் தன் மாடல் பெயரைச் சொல்லும். அடுத்து "பிஆர்ஜி". "நிரல்படுத்தும் நிலைக்குப் போ" என்ற கட்டளை. உடனே ஸ்கேனரின் திரையில் ரிமோட் மோட் என்று எழுத்து மின்னும், பட்டன்கள் பூட்டிக்கொள்ளும். இப்போது அது முழுக்க முழுக்கப் பிரவுசரின் பேச்சைத்தான் கேட்கும்.

அடுத்து வருவதுதான் நாயகன், "சிஐஎன்" கட்டளை! அதன் பின்னால் சேனல் எண், பெயர், அதிர்வெண், ஒலிபரப்பு முறை, குறியீட்டுத் தொனி, காத்திருக்கும் நேரம், தாண்டிப்போக வேண்டுமா, முன்னுரிமை உண்டா என்ற விவரங்கள் ஒரே வரியில் காற்புள்ளியோடு வரும். 162.400 மெகாஹெர்ட்ஸைக் குறிக்க வேண்டுமென்றால் 01624000 என்று எட்டு இலக்கமாக அனுப்ப வேண்டும். கடைசி இலக்கத்தின் மதிப்பு 100 ஹெர்ட்ஸ். புள்ளியே கிடையாது! முடிந்ததும் "ஈபிஜி" என்று சொன்னால் ஸ்கேனர் தன் பழைய வேலைக்குத் திரும்பிவிடும்.

இவ்வளவுதான் மொழி! யூனிடன் நிறுவனம் இந்தக் கட்டளைகளை ஆவணமாகவே வெளியிட்டது. அந்த ஒரு செயலால்தான் யாரோ ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் உட்கார்ந்து பிரவுசர் நிரல் எழுத முடிகிறது.

ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு தட்டச்சு இயந்திரம் ஒளிந்திருக்கிறது!

கட்டளை முடிந்தது என்று ஸ்கேனருக்கு எப்படித் தெரியும்? வரியின் இறுதியில் 13ஆம் எண் குறியீடு வரும். அந்தக் குறியீடு எங்கிருந்து வந்தது தெரியுமா? டெலிபிரிண்டர் இயந்திரத்தில் அச்சடிக்கும் பகுதியை இடது ஓரத்துக்குத் திரும்ப இழுத்துவர உத்தரவிடும் குறியீடு அது! எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி தரப்பட்டியல் 1963இல் உருவானபோது அது 13 என்ற எண்ணைப் பெற்றது. ஸ்கேனரில் இழுக்க அச்சுப் பகுதியும் இல்லை, அடிக்கக் காகிதமும் இல்லை. ஆனாலும் 2021இல் பிறந்த பிரவுசர் வசதி, டெலிபிரிண்டர் காலத்துக் குறியீட்டை அனுப்பித்தான் ஸ்கேனரோடு பேசுகிறது.

ஸ்கேனர் "முடியாது" என்றும் சொல்லும்!

நீங்கள் அனுப்பிய வரி சரி என்றால் "ஓகே" என்று பதில் வரும். எழுத்துப்பிழை இருந்தாலோ எண் எல்லை மீறியிருந்தாலோ "ஈஆர்ஆர்". கட்டளை சரி, ஆனால் இப்போது அதைச் செய்யும் நிலையில் இல்லை என்றால் "என்ஜி". உதாரணமாக, நிரல்படுத்தும் நிலைக்குள் போகாமலே சேனலை எழுதப் பார்த்தால் இந்தப் பதில்தான் கிடைக்கும். ஒவ்வொரு வரிக்கும் பதில் வந்த பிறகே அடுத்த வரியை அனுப்புவது நல்ல நிரலின் லட்சணம்.

இங்கே ஓர் எச்சரிக்கையை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். "சிஎல்ஆர்" என்று மூன்றே எழுத்தில் ஒரு கட்டளை உண்டு. அது நினைவகம் முழுவதையும் துடைத்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய்விடும்! அதனால் எந்த மாற்றமும் செய்வதற்கு முன், ஸ்கேனரில் இருப்பதை முழுதாகப் படித்து ஒரு கோப்பாகச் சேமித்துவிடுங்கள். பிரவுசர் கருவிகளில் இதற்கென்றே பட்டன் இருக்கும். முதல் வேலை அதுதான்.

லினக்ஸின் இதயத்தில் ஸ்கேனரின் பெயர்!

உலகின் பெரும்பாலான சர்வர்களையும் ஆண்ட்ராய்டு போன்களையும் இயக்கும் லினக்ஸ் கெர்னலின் மூல நிரலைத் திறந்து பார்த்தால், அதில் யூனிடன் ஸ்கேனரின் பெயர் எழுதியிருக்கிறது, தெரியுமா? காரணம் இதுதான். யூஎஸ்பி கருவி ஒவ்வொன்றும் செருகியவுடன் தன்னைப் பற்றிய குறிப்புகளைக் கணினிக்குச் சொல்ல வேண்டும். இந்த ஸ்கேனர் அவற்றில் ஒரு குறிப்பைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. லினக்ஸுக்கு அது புரியாமல் போனது. அதனால் ஆர்வலர்கள் "இந்தக் கருவி இப்படித்தான், விட்டுப்பிடியுங்கள்" என்று அதன் அடையாள எண்ணைச் சிறப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பிசி125ஏடிக்கு ஒரு வரி, அதன் ஐரோப்பிய உடன்பிறப்புக்கு ஒரு வரி. விமானச் சத்தம் கேட்க ஆசைப்பட்ட சிலருக்காக உலகப் பெருநிரலில் இடம்!

வானிலைக்கு மட்டும் ஏழு சேனல்!

அமெரிக்காவில் வானிலைக்கென்றே ஒதுக்கிய சேனல்கள் உண்டு. 162.400 தொடங்கி 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை, 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஏழு அதிர்வெண்கள். அந்நாட்டு வானிலைத் துறை 1,000க்கும் மேற்பட்ட ஒலிபரப்பு நிலையங்களிலிருந்து இரவும் பகலும் இடைவிடாமல் வானிலை சொல்லிக்கொண்டே இருக்கிறது. சூறாவளி எச்சரிக்கை வரும்போது 1,050 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட தொனி கிளம்பும். அதைக் கேட்டதும் தூங்கிக்கொண்டிருக்கும் வானிலை ரேடியோக்கள் தாமாக விழித்துக்கொள்ளும்! மின்சாரம் போய், இணையம் அறுந்து, செல்போன் கோபுரம் சாய்ந்தாலும் பேட்டரியில் ஓடும் பெட்டி இந்தக் குரலைக் கொண்டுவந்துவிடும்.

விமானிகள் ஏன் இன்னும் பழைய ஏஎம் முறையில் பேசுகிறார்கள்?

பாட்டு கேட்க எஃப்எம், தெளிவுக்கு எஃப்எம். ஆனால் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள விமானப் பேச்சு மட்டும் உலகெங்கும் ஏஎம்! எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான அலை மட்டும் கேட்கும். பலவீனமான குரல் தடயமின்றி மறைந்துபோகும். ஏஎம்மில் இரண்டும் மோதிக் கீச்சென்று ஒலிக்கும். யாரோ குறுக்கே பேசினார்கள் என்பதாவது தெரிந்துவிடும். 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். மோதலுக்குச் சற்று முன் ஒரே நேரத்தில் இருவர் பேசியதால் எழுந்த அந்தக் கீச்சொலி, உயிர்காத்திருக்கக்கூடிய சொற்களைச் சிதைத்துவிட்டது. அந்த விபத்துக்குப் பிறகு உலக விமானிகள் வானொலியில் பேசும் சொற்களே திருத்தி அமைக்கப்பட்டன. ஸ்கேனரில் விமானச் சேனலை எழுதும்போது ஒலிபரப்பு முறை என்ற இடத்தில் ஏஎம் என்று குறிக்க மறக்காதீர்கள்!

தண்டவாளம் பேசும் அதிசயம்!

160, 161 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வட அமெரிக்க ரயில்களின் உலகம். இங்கே ஓட்டுநர்கள் மட்டும் பேசுவதில்லை. பாதையோரத்தில் பொருத்திய கருவிகள் கடந்துபோகும் ஒவ்வொரு சக்கரத்தின் அச்சுச் சூட்டையும் அகச்சிவப்பு உணரியால் அளக்கின்றன. கடைசிப் பெட்டி கடந்ததும் இயந்திரக் குரலில் தாமாகவே வானொலியில் அறிவிக்கின்றன: எந்த மைல்கல், எந்தத் தடம், மொத்தம் எத்தனை அச்சு, குறை உண்டா இல்லையா! ரயில் ரசிகர்களுக்கு இந்தக் குரல் தேனாக இனிக்கும். வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே எந்தத் திசையில் எவ்வளவு நீள ரயில் போகிறது என்று கண்டுகொள்கிறார்களே!

காதுக்குக் கேட்காத தொனி கதவைத் திறக்கிறது!

ஒரே அதிர்வெண்ணை அடுத்தடுத்த ஊர்களில் வெவ்வேறு அமைப்புகள் பயன்படுத்தினால்? குழப்பம்தான். அதற்கொரு வழி, பேச்சோடு சேர்த்து 67 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒரு மெல்லிய தொனியைத் தொடர்ந்து அனுப்புவது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை ரேடியோவே வடிகட்டிவிடும் என்பதால் நம் காதுக்கு அது எட்டாது. ஆனால் ஸ்கேனருக்குத் தெரியும்! சரியான தொனி இருந்தால்தான் ஒலிபெருக்கியைத் திறக்கும். பிசி125ஏடிக்கு இப்படி 50 தொனிகளும், எண்முறையில் 104 குறியீடுகளும் தெரியும். நமக்குப் பிடித்த நிலையத்தின் தொனியை அட்டவணையில் ஒரு கட்டத்தில் தேர்ந்தெடுத்தால் போதும். அண்டை ஊர்ச் சத்தம் அடங்கிவிடும்.

விண்வெளி வீரர் குரலும் இந்தப் பெட்டிக்குள்!

145.800 மெகாஹெர்ட்ஸை ஒரு சேனலில் எழுதி வையுங்கள். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையம் பள்ளி மாணவர்களோடு பேசும்போது கீழே அனுப்பும் அதிர்வெண் அது! மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகம் என்பதால், நெருங்கி வரும்போது அதிர்வெண் சுமார் 3.5 கிலோஹெர்ட்ஸ் கூடியும் விலகிப் போகும்போது அதே அளவு குறைந்தும் கேட்கும்.

இன்னும் உயரே போவோமா? 36,000 கிலோமீட்டரில் அமெரிக்கக் கடற்படையின் பழைய தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் இருந்தன. கீழிருந்து வரும் அலையை யார் அனுப்பியது என்று கேட்காமல் அப்படியே திருப்பி அனுப்புவதுதான் அவற்றின் வேலை. பிரேசிலில் லாரி ஓட்டுநர்களும் மற்றவர்களும் ஹாம் ரேடியோவைக் கொஞ்சம் மாற்றி, அந்த ராணுவச் செயற்கைக்கோள் வழியே குடும்பக் கதை பேசினார்கள்! 2009இல் பிரேசில் காவல்துறை ஆறு மாநிலங்களில் சோதனை நடத்தி 39 பேரைப் பிடித்தது.

காட்டுத்தீயில் உயிர்காத்த காதுகள்!

கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவும்போது அரசு அறிவிப்பு வருவதற்குள் தீ பல மைல் ஓடியிருக்கலாம். ஆனால் தீயணைப்பு வீரர்களின் வானொலியில் முதல் நிமிடத்திலிருந்தே எல்லாம் கேட்கும். எந்த மலைச்சரிவு, எந்தத் திசைக் காற்று, எந்தச் சாலை அடைபட்டது, விமானம் எங்கே நீர் கொட்டப்போகிறது! 2021 ஆகஸ்டில் வடகலிபோர்னியாவில் வாட்ச் டியூட்டி என்ற லாபநோக்கற்ற செயலி தொடங்கப்பட்டது. ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்கள், கட்டுப்பாட்டு அறையில் பணியாற்றியவர்கள் உள்ளிட்ட தன்னார்வலர்கள் ஸ்கேனரைக் காதோடு வைத்துக்கொண்டு, கேட்டதைச் சரிபார்த்து வரைபடத்தில் ஏற்றுகிறார்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பற்றியெரிந்தபோது பெருந்திரளான மக்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்தது இந்தச் செயலியைத்தான். கேட்கத் தெரிந்த சிலர், கேட்க முடியாத பலரைக் காப்பாற்றினார்கள். இப்படிப்பட்டவரின் ஸ்கேனரில் புதிதாக ஒரு தீயின் அதிர்வெண்ணை அரை நிமிடத்தில் ஏற்ற முடிகிறதா, அரை மணி நேரம் பட்டனோடு போராட வேண்டுமா என்பது சின்ன விஷயமா? சொல்லுங்கள்!

வீட்டு ரேடியோவிலேயே போலீஸ் பேச்சு கேட்டது!

1928இல் டெட்ராய்ட் நகரக் காவல்துறை ரோந்துக் கார்களில் வெற்றிகரமாக ரேடியோ பொருத்தியது. அந்தக் காலப் போலீஸ் நிலையங்கள் பாட்டு ஒலிபரப்பும் ஏஎம் அலைவரிசைக்குச் சற்று மேலே இயங்கியதால், பல வீட்டு ரேடியோக்களில் முள்ளைக் கொஞ்சம் தள்ளினாலே திருடனைத் துரத்தும் செய்தி கேட்டது! நியூயார்க்கின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் வீஜீ 1938இல் தன் காரிலேயே போலீஸ் அலைவரிசை ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி பெற்றார். போலீஸ் வருவதற்கு முன்பே இவர் கேமராவோடு நிற்பார்.

இன்று நிலைமை தலைகீழ். பல நகரங்கள் டிஜிட்டலுக்கு மாறிப் பேச்சைப் பூட்டுகின்றன. நியூயார்க் காவல்துறையும் 2023இல் குறியாக்கத்தைத் தொடங்கியது. குறியாக்கம் செய்த பேச்சை எந்த ஸ்கேனராலும் திறக்க முடியாது. பிசி125ஏடி போன்ற அனலாக் பெட்டிக்கு, பூட்டாத டிஜிட்டல் பேச்சுகூட வெறும் இரைச்சல்தான். வாங்கும் முன் உங்கள் பகுதியில் என்ன ஓடுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

ஒரு தொலைபேசிப் பேச்சு அமெரிக்க அரசியலைக் கலக்கியது!

1980களின் செல்போன்கள் சாதாரண எஃப்எம்மில் பேசின. ஸ்கேனர் வைத்திருந்தவர் எவரும் கேட்க முடிந்தது! அதனால் 1992இல் வந்த ஒரு சட்டத்தின் பேரில், 1994 ஏப்ரலுக்குப் பிறகு செல்போன் அதிர்வெண்களைக் கேட்கும் ஸ்கேனர்களை அமெரிக்காவில் தயாரிக்கவே தடை வந்தது. பழைய பெட்டிகள் மட்டும் ஊரில் இருந்தன. 1996 டிசம்பரில் புளோரிடாவில் ஒரு தம்பதி காரில் போகும்போது, நாடாளுமன்றக் கீழவைத் தலைவர் நியூட் கிங்ரிச் தன் கட்சிக்காரர்களோடு பேசிய செல்போன் பேச்சு அவர்கள் ஸ்கேனரில் விழுந்தது. பதிவுசெய்தார்கள், அது பத்திரிகை வரை போய் வெடித்தது. தம்பதிக்குத் தலா 500 டாலர் அபராதம்!

கேட்பதற்கும் எல்லை உண்டு!

அமெரிக்காவில் பூட்டில்லாத பொது அமைப்புகளின் பேச்சைக் கேட்கலாம். ஆனால் நியூயார்க், புளோரிடா போன்ற மாநிலங்களில் காருக்குள் ஸ்கேனர் வைத்துக்கொள்ளவே கட்டுப்பாடு. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, உங்களுக்கென்று அனுப்பப்படாத செய்தியைக் கேட்பதே குற்றம்! இந்தியாவில் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமில்லாமல் இத்தகைய கருவியை வைத்திருப்பதையே குற்றம் என்றது. அதன் இடத்துக்கு 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. பாட்டு கேட்கும் ரேடியோ பெட்டிக்கே உரிமம் எடுத்த தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறதே! ஆகவே வெளிநாட்டிலிருந்து ஸ்கேனர் வாங்கி வரும் எண்ணம் இருந்தால் முதலில் சட்டத்தைப் பாருங்கள். வானலைமேல் உண்மையான காதல் இருக்கிறதா? தேர்வெழுதி ஹாம் ரேடியோ உரிமம் வாங்குங்கள். கேட்பதோடு நிற்காமல் பேசவும் செய்யலாம்!

கடைசியாக ஒன்று: பழைய பெட்டியைச் சாகாமல் வைத்திருப்பது எது?

பழைய கருவிகளோடு வந்த குறுந்தகடுகளைப் போட இன்று பல கணினிகளில் டிரைவ் கிடையாது. நிறுவனத்தின் மென்பொருள் அடுத்த விண்டோஸில் ஓடுமா தெரியாது. எத்தனையோ நல்ல கருவிகள் உடையாமலே குப்பைக்குப் போனதற்குக் காரணம், அவற்றோடு பேசும் மென்பொருள் செத்துப்போனதுதான். இந்த ஸ்கேனருக்கு அந்தக் கதி இல்லை. ஏனென்றால் அதன் மொழி ஊரறிய வெளியிடப்பட்டது. நல்ல மனசுக்காரர்கள் அதைப் பிரவுசருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். நாளை வேறு வகைக் கணினி வந்தாலும், அந்தக் காற்புள்ளி வரிகளை அனுப்பத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும், 500 சேனலும் உயிரோடு இருக்கும்.

எனவே கருவி செய்யும் நிறுவனங்கள் அத்தனைக்கும் ஒரே வேண்டுகோள்: உங்கள் கருவி பேசும் மொழியை வெளியிடுங்கள்! வாங்கும் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை எந்தக் கருவி வாங்கினாலும் விலையையும் திரையையும் பேட்டரியையும் விசாரிப்பதோடு, "இதன் கட்டளைகளை வெளியிட்டிருக்கிறார்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அப்படிக் கேட்பவர் கூடக் கூட, குப்பைக்குப் போகும் நல்ல கருவிகள் குறையும்!